நிதித் துறையிலிருந்து உரிமைப் பணிக்கு: வாசகர் கேள்விகள்

வங்கி, தணிக்கை, முதலீடு என்று பல ஆண்டுகள் உழைத்துவிட்டு, மனித உரிமை அல்லது சமூக நீதிப் பணிக்கு மாற நினைக்கும் வாசகர்கள் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். உரிமை அமைப்புகளின் நிதி நிர்வாகத்திலும் ஆய்வுப் பிரிவுகளிலும் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: கடன் இடர் மதிப்பீட்டில் 11 ஆண்டுகள் ஆகிவிட்டன. சட்டம் படித்ததில்லை, களத்துக்குப் போனதும் இல்லை. என்னை வைத்து ஒரு உரிமை அமைப்பு என்ன செய்யும்? கற்றதை எல்லாம் ஓரம் வைத்துவிட்டு அடியிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: ஓரம் வைக்காதீர்கள். வழக்கு நடத்தவும் வாக்குமூலம் பதியவும் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் இருக்கிறார்கள். ஒரு கடன் ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தால் படித்துப் பொருள் சொல்பவர்களுக்குத்தான் பஞ்சம்.

உங்களைப் போன்றவர்களுக்கு மூன்று இடங்கள் இருக்கின்றன. முதலாவது, அமைப்பின் சொந்தக் கணக்கை நடத்தும் வேலை. இரண்டாவது, பணத்தின் தடத்தைப் பிடித்து ஆராயும் வேலை: அரசு பட்ஜெட், நிறுவனங்களின் உரிமையாளர் சங்கிலி, ஊழல் சொத்து மீட்பு போன்றவை. 2016இல் வெளிவந்த, நிழல் நிறுவனங்கள் பற்றிக் கசிந்த பனாமா ஆவணங்கள் மட்டும் 1 கோடியே 15 லட்சம். செய்தியாளர்கள் அவற்றைத் திறந்தபோது, பெயருக்கு இருக்கும் இயக்குநரையும் உண்மையான உடைமையாளரையும் பிரித்தறியத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

மூன்றாவது இடம் உங்கள் அனுபவத்துக்கு மிக நெருக்கமானது. அணை, சுரங்கம், நெடுஞ்சாலைத் திட்டங்களால் வாழ்விடம் இழப்பவர்கள், அந்தத் திட்டங்களுக்குக் கடன் கொடுத்த நிறுவனங்களிடமே முறையிடலாம். இத்தகைய முறையீடுகளை விசாரிக்கும் உலக வங்கியின் ஆய்வுக் குழு 1993இல் உருவானது. அதே குழுமத்தின் தனியார் துறைக் கடன் பிரிவுக்கு 1999 முதல் தனியாக ஒரு குறைதீர்ப்பு அலுவலகம் இருக்கிறது. தனியார் வங்கிகள் சில 2003இல், திட்டக் கடன்களின் சமூக, சுற்றுச்சூழல் இடரை மதிப்பிடும் ஈக்குவேட்டர் கோட்பாடுகளை ஏற்றன. இங்கெல்லாம் முறையீடு எழுதும்போது, கடனின் எந்த நிபந்தனை மீறப்பட்டது, அடுத்த தவணை எப்போது, எந்த நிபந்தனை நிறைவேறினால் அது விடுவிக்கப்படும் என்று யாராவது படித்துச் சொல்ல வேண்டும். கடைசித் தவணையும் போய்விட்டால் கடன் கொடுத்தவருக்கும் பிடி தளர்ந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நல்ல ஆதாரம் வைத்திருந்தும் தாமதமாக வந்ததால் வலுவிழந்த முறையீடுகள் உண்டு. உலக வங்கியின் அந்த ஆய்வுக் குழு 2020 முதல், திட்டக் கடனின் முடிவுத் தேதியிலிருந்து 15 மாதங்கள் வரை முறையீட்டை ஏற்கிறது. ஆனாலும் தவணைகள் மிச்சமிருக்கும்போது எழுதும் கடிதத்துக்கு இருக்கும் பலம் வேறு.

கேள்வி: பட்டயக் கணக்காளர் நான். ஒரு உரிமை அமைப்பில் நிதி மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கம்பெனிக் கணக்குக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? முதல் ஆண்டில் எங்கே இடறும்?

பதில்: பற்று வரவு எங்கும் ஒன்றுதான். கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது. கம்பெனியில் லாபம் எவ்வளவு என்று கேட்பீர்கள். இங்கே இந்தப் பணம் யார் கொடுத்தது, எந்த வேலைக்கு, எந்தத் தேதிக்குள் என்று கேட்க வேண்டும். வங்கியில் 5 லட்சம் டாலர் இருக்கும், அதில் 4.6 லட்சம் குறிப்பிட்ட திட்டங்களுக்குக் கட்டுப்பட்டதாக இருந்தால், அந்த அமைப்பு அடுத்த மாத வாடகைக்குத் திண்டாடலாம். எனவே சேர்ந்த முதல் வாரமே வங்கி இருப்பைக் கட்டுப்பட்ட பணம், கட்டுப்படாத பணம் என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு செலவுக்கும் கணக்குத் தலைப்பு, திட்டம், நிதி கொடுத்தவர் என மூன்று குறியீடுகள் வேண்டும். திட்டமும் கொடையாளரும் ஒன்றுதான் என்று ஒரே குறியீட்டில் அடைத்த அமைப்புகளில், ஒரே திட்டத்துக்கு இரண்டாவது கொடையாளர் வந்ததும் கணக்கு குழம்பிவிடும்.

பெரிய இடறல் சம்பளப் பகிர்வில் வருகிறது. ஒரு ஆய்வாளரின் நேரத்தில் ஒரு மானியத்துக்கு (கொடையாளர் ஒரு வேலைக்குத் தரும் நிதி) 50 விழுக்காடு, இன்னொன்றுக்கு 40, மூன்றாவதற்கு 30 என்று மூன்று பேர் மூன்று சமயத்தில் பட்ஜெட் எழுதியிருப்பார்கள். கூட்டினால் 120. ஒவ்வொரு கொடையாளருக்கும் போகும் அறிக்கை தனித்தனியாகச் சரியாகவே இருக்கும். மூன்றையும் ஒரு தணிக்கையாளர் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் நாளில், ஒரே சம்பளத்தை இருவரிடம் வாங்கியதாக ஆகிவிடும். ஊழியர்களை வரிசையிலும் மானியங்களைப் பத்தியிலும் போட்டு, மாதந்தோறும் ஒவ்வொரு வரிசையும் சரியாக 100 ஆகிறதா என்று பார்க்கும் ஒரே ஒரு எக்ஸெல் தாள் போதும். நேரப் பதிவேட்டை மாதக் கடைசியில் நடந்தபடி நிரப்ப வேண்டும். ஆண்டு முடிவில் உட்கார்ந்து 12 மாதத்துக்கும் பட்ஜெட்டில் இருக்கும் அதே விழுக்காட்டை எழுதினால், விடுப்பில் இருந்த மாதத்திலும் அதே எண் இருக்கும். தணிக்கையாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்தது மறைமுகச் செலவு: வாடகை, தணிக்கைக் கட்டணம், கணினிப் பாதுகாப்பு, உங்கள் சம்பளம். உண்மையில் நேரடிச் செலவில் 18 விழுக்காடு ஆகிறது, கொடையாளர் 7 விழுக்காடுதான் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரடிச் செலவு 1,00,000 ஆகும் ஒவ்வொரு மானியத்திலும் 11,000 துண்டு விழும். அப்படி ஐந்து வென்றால் 55,000. மானியங்கள் குவியக் குவிய அமைப்பு நலிவது இப்படித்தான். இயக்குநர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுவது நிதி மேலாளரின் கடமை. மறைமுகச் செலவு விகிதத்தைத் தனியாகப் பேசி நிர்ணயிக்காத அமைப்புகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி மானிய விதிகள் 10 விழுக்காடு கொடுத்துவந்தன. 2024 அக்டோபரில் அதை 15 ஆக்கின. கேட்டுப் பேசுவதற்கு இடம் இருக்கிறது, கேளுங்கள்.

பட்ஜெட் தலைப்புகளுக்கிடையே 10 விழுக்காடு வரை மாற்றிக்கொள்ளப் பல ஒப்பந்தங்கள் இடம் தரும். அதற்கு மேல் போனால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும். செலவழித்த பிறகு கேட்டால் பெரும்பாலும் மறுப்புதான். நாணய மாற்று நட்டம் யாருடையது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள்.

கம்பெனியில் இல்லாத ஒரு சிக்கலும் உண்டு: சாட்சிகள், பாதிக்கப்பட்டவர்கள். ஒரு சாட்சியின் பயணச்சீட்டு, தங்கும் விடுதி ரசீது, மருத்துவச் செலவு எல்லாவற்றிலும் பெயரும் முகவரியும் கையெழுத்தும் இருக்கும். அந்தக் கோப்பு தணிக்கையாளரிடம் போகும், கொடையாளரிடம் போகும், சோதனை நடந்தால் அதிகாரிகளிடமும் போகும். எனவே வவுச்சரில் குறியீட்டு எண் மட்டும் இருக்கட்டும். எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியலை மறையாக்கம் செய்து தனியே வைத்து, இருவருக்கு மட்டும் அணுகல் கொடுங்கள். தணிக்கையாளர் அலுவலகத்துக்கு வந்து பட்டியலைப் பார்க்கலாம், நகல் எடுக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டைக் கொடையாளர் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். சாட்சிக்கு ஆன செலவை ரசீதுப்படி திருப்பிக் கொடுப்பது சரி. சாட்சி சொன்னதற்காகப் பணம் கொடுத்ததாகத் தோன்றும் எந்தப் பதிவும் நீதிமன்றத்தில் அந்தச் சாட்சியத்தையே கெடுத்துவிடும். ரசீது இல்லாமல் முழுத்தொகையாகக் கொடுத்த 'படி' ஒன்று பல மாத ஆவணப் பணியை வீணாக்கலாம்.

உரிமை அமைப்புகளை முடக்க நினைக்கும் அரசுகள் பல நாடுகளில் முதலில் எடுப்பது கணக்கு வழக்குக் குற்றச்சாட்டைத்தான். சுத்தமான கணக்கு அங்கே பாதுகாப்புக் கருவி. 'நான் ஆபீஸ் வேலைதானே பார்க்கிறேன்' என்ற தயக்கத்தோடு வரும் கணக்காளர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

கேள்வி: சம்பளம் பாதிக்கும் கீழே போகும் என்கிறார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள். எவ்வளவு சேர்த்துவிட்டு வேலையை விடலாம்?

பதில்: தொகையை விட ஒத்திகை முக்கியம். நீங்கள் எதிர்பார்க்கும் புதுச் சம்பளத்தைத் தீர்மானித்து, இப்போதைய சம்பளம் வரும் அன்றே வித்தியாசத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் அதைத் தொடாமல் குடும்பம் ஓடினால் மாறலாம். இரண்டாவது மாதமே கைவைத்தால் எந்தச் செலவு இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அதை வேலையில் இருக்கும்போதே சரிசெய்வது எளிது.

அவசரக் கையிருப்பாக ஆறு மாதச் செலவு போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த மாற்றத்துக்கு 12 மாதம் வையுங்கள். ஆள் எடுக்கவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகிறது. கிடைக்கும் பதவியும் மானியத்தோடு கட்டப்பட்டு ஓரிரு ஆண்டு ஒப்பந்தமாகவே பெரும்பாலும் இருக்கும்.

நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் முடிக்க வேண்டியவை சில. கடனை வேறு வங்கிக்கு மாற்றுவதாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள், சம்பளச் சீட்டு இருக்கும்போதுதான் அனுமதி கிடைக்கும். வங்கி ஊழியராக இருந்து சலுகை வட்டியில் கடன் வாங்கியிருந்தால், விலகிய நாளிலிருந்து சந்தை வட்டி ஆகலாம். புதுத் தவணை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிகிறது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குத் தனிக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால் அதை முன்பே தொடங்க வேண்டும். தள்ளிவைக்கப்பட்ட போனஸ், பங்குகள் இருந்தால் திட்ட விதிகளில் 'விலகுவோர்' பகுதியைப் படியுங்கள். தொண்டு நிறுவனத்துக்குத்தானே போகிறேன் என்றால் பல திட்டங்கள் அதைச் சலுகையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அடுத்த போனஸ் வரட்டும் என்று தள்ளிப்போடுவதற்கு முடிவே கிடையாது. தேதி ஒன்றைக் குறித்து வைத்து அதில் நில்லுங்கள்.

வேலை தரும் அமைப்பிடம் நீங்களும் கேளுங்கள்: என் சம்பளம் எந்த மானியத்தில் வருகிறது, அதில் எத்தனை மாதம் மிச்சம், மொத்த வருவாயில் பெரிய கொடையாளர் ஒருவரின் பங்கு எவ்வளவு? 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, அந்த ஒரே ஊற்றை நம்பியிருந்த அமைப்புகள் சில வாரங்களிலேயே ஆட்களை அனுப்ப வேண்டியதாயிற்று. நிதித் துறையிலிருந்து வருபவர் ஒரு கம்பெனியின் பங்கை வாங்கும் முன் இவ்வளவும் பார்ப்பார்; தன் வேலைக்கு மட்டும் ஏனோ பார்ப்பதில்லை.

கேள்வி: சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புப் பிரிவில் கம்ப்ளையன்ஸ் அதிகாரியாக இருக்கிறேன். ஆள்கடத்தலுக்கு எதிரான பணிக்கு மாற இந்த அனுபவம் உதவுமா?

பதில்: நேரடியாக உதவும். கட்டாய உழைப்பிலிருந்து ஆண்டுக்கு 236 பில்லியன் டாலர் சட்டவிரோத லாபம் கிடைப்பதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் மதிப்பிட்டது. 2014இல் அதன் மதிப்பீடு 150 பில்லியன். அவ்வளவு பணமும் எங்கோ ஒரு கணக்கைத் தொட்டுத்தான் போகிறது. பல தொழிலாளர்களின் கணக்குகளுக்கு ஒரே தொலைபேசி எண், சம்பளம் ஏறிய சில நிமிடங்களில் எல்லாம் ஒரே ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுவது, சாப்பாடு, பேருந்து போன்ற அன்றாடச் செலவே இல்லாத கணக்கு, வாடிக்கையாளருக்குப் பதிலாகக் கூட வந்தவரே பேசுவது ஆகிய அறிகுறிகள் உங்களுக்குப் பழக்கமானவை. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்க விதி வகுக்கும் பன்னாட்டு அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப். 2018இல் ஆள்கடத்தல் பணப் போக்கு பற்றி வெளியிட்ட அறிக்கையை ஒருமுறை படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று. வங்கியில் சந்தேக அறிக்கை அனுப்பி, கணக்கை மூடினால் கோப்பு முடிந்தது. அந்தக் கணக்கு கடத்தப்பட்டவரின் பெயரிலேயே இருக்கலாம். அவர் தப்பி வந்த பிறகு, தன் பெயரில் யாரோ வாங்கிய கடனாலும் மூடப்பட்ட கணக்காலும் புதுக் கணக்கே திறக்க முடியாமல் நிற்பார். ஐ.நா. பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபாஸ்ட் என்னும் முயற்சி, மீண்டவர்களுக்கு வங்கிக் கணக்கு கிடைக்கச் செய்வதையும் தன் பணியாக எடுத்திருப்பது இதனால்தான்.

இன்னொரு வேலையும் உங்களுக்காகக் காத்திருக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வந்த எஃப்.ஏ.டி.எஃப். விதி, தொண்டு நிறுவனங்கள் பயங்கரவாத நிதிக்கு 'குறிப்பாக' இலக்காகக்கூடியவை என்றது. 2016இல் அந்தச் சொல் நீங்கியது. 2023 நவம்பரில், உண்மையான இடர் இருக்கும் இடத்தில் மட்டும் அளவான நடவடிக்கை வேண்டும் என்று அந்த விதி (எட்டாவது பரிந்துரை) மேலும் திருத்தப்பட்டது. வங்கிக் கிளைகளின் பழக்கம் அவ்வளவு வேகமாக மாறவில்லை. தொண்டு நிறுவனங்களின் பரிமாற்றம் முடங்கும், கணக்கு காரணம் சொல்லாமல் மூடப்படும். கம்ப்ளையன்ஸ் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து பழகியவர், பெரிய தொகை வருவதற்கு முன்பே பதிவுச் சான்று, அறங்காவலர் பட்டியல், மானிய ஒப்பந்தம், பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்ற ஒரு பக்க விளக்கம், தடைப்பட்டியல் (தடைவிதிக்கப்பட்டவர்களின் பட்டியல்) சோதனைப் பதிவு ஆகியவற்றை ஒரே கோப்பாக வங்கிக்கு அனுப்பிவிடுவார். வழக்கறிஞர் எழுதும் கண்டனக் கடிதத்தை விட இது வேலை செய்கிறது.

கேள்வி: மனித உரிமையில் முதுகலைப் படிப்பு இல்லாமல் முடியாதா?

பதில்: வழக்காட வேண்டும் என்றால் சட்டப் படிப்பு தேவை. ஐ.நா. நிபுணர் பதவிகளுக்கு முதுகலை கேட்பார்கள். இளங்கலையும் கூடுதலாக இரண்டு ஆண்டு அனுபவமும் இருந்தால் பல அறிவிப்புகளில் ஏற்கிறார்கள். மற்ற இடங்களில், சேமிப்பில் பெரும்பங்கைக் கல்விக் கட்டணமாகக் கட்டிவிட்டு வேலை தேடுவது நல்ல வரிசை இல்லை. முதலில் ஓராண்டு வேலை பாருங்கள். படிப்பு தேவையா, எந்தப் படிப்பு என்பது அப்போது தெளிவாகிவிடும்.

அடிப்படை நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1948 டிசம்பர் 10இன் உலகளாவிய பிரகடனத்தில் 30 பிரிவுகள்தான். 1966இல் ஏற்கப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த இரண்டு உடன்படிக்கைகளில், பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றியதன் இரண்டாம் பிரிவில் நிதானமாக நில்லுங்கள். ஒவ்வொரு அரசும் தன்னிடம் இருக்கும் வளங்களின் உச்ச அளவுக்கு முயன்று, உரிமைகளைப் படிப்படியாக நிறைவேற்ற வேண்டும் என்கிறது அது. சட்டம் படித்தவர் அதை ஒரு கடப்பாடாக வாசிப்பார். உங்களுக்கு அது ஒரு தணிக்கைக் கேள்வியாகத் தெரிய வேண்டும்: வளம் எவ்வளவு, உச்சம் எது, முயன்றார்களா?

பயிற்சிக்கு ஒரு திட்டத்தை எடுங்கள். ஆரம்ப சுகாதாரம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுக்கு ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என மூன்று பத்தி போடுங்கள். ஒதுக்கீடு 6 விழுக்காடு உயர்ந்தது என்று அரசு சொல்கிறது. விலைவாசி 8 விழுக்காடும் மக்கள்தொகை 2 விழுக்காடும் ஏறியிருந்தால், 1.06ஐ 1.08ஆலும் பிறகு 1.02ஆலும் வகுக்க வேண்டும். வருவது 0.962. ஆக, தலைக்குக் கிட்டத்தட்ட 3.8 விழுக்காடு குறைந்திருக்கிறது. உடன்படிக்கையின் மொழியில் இது பின்னடைவு. அதற்கு அரசு நியாயம் சொல்லியாக வேண்டும். ஒதுக்கியது 100, செலவானது 71 என்றால் கதை வேறு. பணம் இருந்தது, விடுவிக்கப்படவில்லை அல்லது கடைசிக் காலாண்டில் வந்து சேர்ந்தது. மாதவாரிச் செலவைப் பார்த்தால் எதுவென்று தெரியும். பிறகு அதே அரசு இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவுக்குக் கொடுத்த அறிக்கையோடு ஒப்பிட்டு மூன்று பக்கம் எழுதுங்கள். எந்தச் சான்றிதழையும் விட நேர்காணலில் அந்த மூன்று பக்கம் பேசும். 60 அட்டவணை போடாதீர்கள். நிதித் துறையினர் எழுதும் அறிக்கையில் அடிக்கடி காணும் குறை, யாருக்கு என்ன கிடைக்காமல் போனது என்பது 40ஆம் பக்கத்தில்தான் வரும்.

கேள்வி: முதலீட்டு நிறுவனத்தில் ஈ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) பிரிவுக்கு மாறுவதும் மனித உரிமைப் பணிதானே? சம்பளமும் குறையாதே!

பதில்: ஆகலாம், ஆகாமலும் போகலாம். சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி உண்டு: அந்தப் பிரிவு யாருக்கு வரும் இடரைக் கணக்கிடுகிறது? முதலீட்டுக்கு வரும் இடரை மட்டும் என்றால் அது நல்ல நிதி வேலை, அவ்வளவுதான். 2011இல் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் ஏற்ற வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டு நெறிகள் மொத்தம் 31. அவை கேட்பது மனிதர்களுக்கு வரும் இடரை. உங்கள் பழைய இடர் அட்டவணையில் நிகழும் வாய்ப்பும் தாக்கமும் பெருக்கப்பட்டு, குறைந்த வாய்ப்புள்ளது கீழே போய்விடும். இங்கே தீவிரத்துக்குத்தான் முன்னுரிமை. எவ்வளவு கடுமை, எத்தனை பேர், பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்ற மூன்றையும் பார்த்து, உயிர் போகக்கூடியது வாய்ப்பு குறைவாக இருந்தாலும் மேலே வர வேண்டும்.

2013 ஏப்ரல் 24இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கிருந்த ஆலைகளில் சிலவற்றில் சமூகத் தணிக்கை, அதாவது தொழிலாளர் நிலை பற்றிய சோதனை, நடந்திருந்தது. தணிக்கைப் படிவம் கேட்டதற்குப் பதில் இருந்தது; கட்டடம் தாங்குமா என்பது படிவத்தில் இல்லை. முந்தின நாள் சுவரில் விரிசல் கண்டதும் அதே கட்டடத்தில் இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. தையல் தொழிலாளர்கள் மறுநாள் உள்ளே போக வைக்கப்பட்டார்கள். ஒரே விரிசலை இருவர் பார்த்தார்கள், எழுந்து போகும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது. எனவே ஈ.எஸ்.ஜி. பிரிவில் சேர்வதற்கு முன் கேளுங்கள்: தொழிலாளர்களிடம் ஆலைக்கு வெளியே வைத்துப் பேசுகிறீர்களா? சங்கங்களோடு தொடர்பு உண்டா? இதுவரை எந்த முதலீட்டையாவது இந்தப் பிரிவு தடுத்திருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரத் தயங்கினால், புரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வேலையில் இருந்துகொண்டே தன்னார்வமாகத் தொடங்கலாமா? எங்கள் நிறுவனத்தில் நடக்கும் சில விஷயங்கள் பற்றிய ஆவணங்கள் என்னிடம் இருக்கின்றன. அவை உதவுமா?

பதில்: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறோம். வாடிக்கையாளர் தகவலையோ உள் ஆவணத்தையோ புதிய அமைப்புக்கு எடுத்துப் போகாதீர்கள், சொந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பாதீர்கள். ரகசியக் காப்பு விதி உங்களை மட்டுமல்ல, அந்த அமைப்பையும் வழக்கில் மாட்டிவிடும். உண்மையில் குற்றம் நடப்பதாக நினைத்தால் அது தகவல் வெளிப்படுத்துவோருக்கான தனிப்பாதை. எதையும் நகலெடுப்பதற்கு முன் அந்தத் துறை தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். வேலை மாற்றத்தையும் அதையும் கலக்கக் கூடாது.

தன்னார்வப் பணிக்கு நல்ல வாசல், சிறிய அமைப்பு ஒன்றின் அறங்காவலர் குழுவில் பொருளாளர் பொறுப்பு. சிறிய அமைப்பில் இயல்பாக மாதம் எட்டு மணி நேரம் கேட்கும். தணிக்கை, பட்ஜெட் மாதங்களில் இரட்டிக்கும். ஏற்பதற்கு முன் கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, நிலுவை வரிகள், மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான சேமநிதி இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப் பொறுப்பு உங்கள் தலையிலும் விழும். உங்கள் நிறுவனத்திடம் வெளிப்பொறுப்புக்கான அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அந்த அமைப்பு உங்கள் வங்கியின் வாடிக்கையாளராக இருந்தால் வேறு அமைப்பைத் தேடுவதே நல்லது.

வாரக் கடைசியில் வந்து கட்டணமில்லாமல் ஒரு 'மூலோபாயத் திட்டம்' போட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். எல்லோரும் சொல்வது அது. மூன்று மாதமாக ஒத்துப்போகாத வங்கிச் சமரசப் பட்டியலைச் சரிசெய்து கொடுத்தவரை எந்த அமைப்பும் மறக்காது.

கேள்வி: விண்ணப்பங்கள் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன. ரெஸ்யூமேயில் என்ன தப்பு?

பதில்: வந்தவற்றைப் பார்த்ததில் இரண்டு பொதுவான தப்புகள். ஒன்று, 'சமூகத்துக்குத் திருப்பித் தர விரும்புகிறேன்', 'குரலற்றவர்களின் குரலாக' போன்ற வரிகள். பாதிக்கப்பட்ட மக்களுக்குக் குரல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நடக்கும் அமைப்பில் அது முதல் பக்கத்திலேயே எடுபடாது. இரண்டு, வங்கி மொழி. '40 கோடி டாலர் போர்ட்ஃபோலியோவை நிர்வகித்தேன்' என்பது தேர்வுக் குழுவுக்கு எதையும் சொல்லாது. 'மூன்று நாடுகளில் பதிவான 14 துணை நிறுவனங்களின் உரிமையாளர் சங்கிலியைப் பொது ஆவணங்களிலிருந்து வரைந்தேன்' என்றால் உடனே புரியும்.

ஏன் விலகுகிறீர்கள் என்று நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள். பழைய துறையைத் திட்ட வேண்டாம், பாவமன்னிப்பும் வேண்டாம். எந்தப் பிரச்சினையில், எந்தத் திறனோடு, என்ன செய்ய வருகிறீர்கள் என்பது இரண்டு நிமிடத்தில் வர வேண்டும். சம்பளம் தெரியும்தானே என்ற கேள்வியும் வரும். ஒத்திகை பார்த்துவிட்டேன் என்று சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 32 வயதுக்காரர் உங்களுக்கு மேலதிகாரியாக இருந்தால் பரவாயில்லையா என்றும் கேட்கக்கூடும். பதிலை வீட்டிலேயே நேர்மையாக யோசித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: எனக்கு வயது 47. சித்திரவதை, வன்முறை வாக்குமூலங்களைத் தினமும் படிக்கும் மனத்திடம் இருக்குமா என்று பயம்.

பதில்: வயது தடையில்லை, நிதிப் பொறுப்புகளுக்கு அது சாதகம். பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். நேரில் போகாமல் ஆவணம் படிப்பவர்களையும் அது பாதிக்கும், ரசீதுகளைச் சரிபார்க்கும் கணக்காளரைக்கூட. பணியாளர்களுக்கு உளவியல் ஆலோசனை உண்டா, அதற்குப் பட்ஜெட்டில் தனித் தலைப்பு இருக்கிறதா என்று நேர்காணலில் கேளுங்கள். படங்கள் வந்தால் சிறிதாக, ஒலியை நிறுத்தி, தேவையானதை மட்டும் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெடுவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மேலாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: சரிப்படாவிட்டால் பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா?

பதில்: முடியும், தொழில் உறுப்பினர் தகுதியை உயிரோடு வைத்திருந்தால். ஆண்டுக் கட்டணத்தையும் தொடர்கல்வி மணிகளையும் விடாதீர்கள். உரிமை அமைப்பில் நீங்கள் செய்யும் தணிக்கை, மானியக் கட்டுப்பாடு, தடைப்பட்டியல் சோதனை எல்லாம் பல சங்கங்களின் அனுபவக் கணக்கில் சேரும். எதெது சேரும் என்று விலகுவதற்கு முன் சங்கத்திடம் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். முடிவெடுக்க 18 மாதமாவது கொடுங்கள். முதல் ஆறு மாதத்தில், கூட்டங்கள் நீள்வதும் முடிவுகள் கூடிப்பேசி எடுக்கப்படுவதும் வங்கியில் பழகியவரை எரிச்சலூட்டும். ஒரு முழு மானியச் சுழற்சியை, விண்ணப்பத்திலிருந்து இறுதித் தணிக்கை வரை, பார்த்த பிறகு தீர்மானியுங்கள்.